டாக்டர் பட்டத்துக்கு இரண்டாயிரம் அட்வான்ஸ்

பொன்மலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்து பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. முழங்கால் தேவலையா? உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. பேத்திக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகிவிட்டது. பத்திரிகை தனியாக வரும். இப்போது எழுதுவது வேறு விஷயம். இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் ஒரு போன். "நகைச்சுவைத் தென்றல் ஐயாங்களா?" என்றது ஒரு குரல். ராங் நம்பர் என்று வைக்கப் போனேன். பார்த்தால் அந்தத் தென்றல் நான்தான். என் நாற்பது வருஷக் கலைச் சேவையைப் பாராட்டிக் கௌரவ டாக்டர் பட்டம் தரப் போகிறார்களாம். என்ன சேவை என்று கேட்க எனக்கே கூச்சம். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நாம் போட்ட பதினோரு நாடகம், ரிடையர் ஆன பிறகு பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நான் அடிக்கும் மிமிக்ரி, அவ்வளவுதானே. அங்கி, தொப்பி, ஷீல்டு, வீடியோ எல்லாம் சேர்த்துப் 'பங்களிப்புத் தொகை' பதினெட்டாயிரம் ரூபாய். பார்வையாளராக ஆளுக்கு நாலு பேரைக் கூட்டி வரலாம். அமைப்பின் பெயர் எதற்கு, விடு.

அங்கேயே போனை வைத்திருக்க வேண்டியவன், இரண்டாயிரம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

சிரிக்காதே. கல்யாணப் பத்திரிகைதான் காரணம். மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா பெயருக்குப் பின்னால் பட்டங்கள் கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கின்றன. மெட்டி ஒலி முடிந்தாலும் வண்டி முடியாது என்பாயே, அந்த மாதிரி. இந்தப் பக்கம் என் பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி, அதற்குள் 'ரயில்வே, ஓய்வு'. ப்ரூஃபைப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அந்த போன். ஆசை யாரை விட்டது?

அனுப்பிய பிறகுதான் உன் ஊர்க்காரர் நினைவுக்கு வந்தார். தாராபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நாகேஷைப் பற்றி நீ விடுகிற கதையில் பாதியை நான் நம்புவதில்லை. ஆனால் அவரும் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், அவருக்கும் முதல் பரிசு ஆபீஸ் நாடகத்தில்தான். ஒரே ஒரு காட்சி, வயிற்றுவலி நோயாளி. தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்த ஒரு காட்சிக்காக அவரைத் தனியாகப் பாராட்டிக் கோப்பை கொடுத்தார். பணமும் இல்லை, பங்களிப்பும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்தார், கொடுத்தார்கள்.

அப்புறம் என்ன கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தேன் மாப்ளே. அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 1964-இல் சர்வர் சுந்தரம். அடுத்த வருஷமே திருவிளையாடல் தருமி. 1968-இல் தில்லானா மோகனாம்பாள் வைத்தி. இதற்கெல்லாம் டெல்லியிலிருந்து ஒரு காகிதம்கூட வரவில்லை. கலைமாமணி நம் அரசு கொடுத்தது, சரி. தேசிய விருது வந்தது எதற்குத் தெரியுமா? 1994-இல் வந்த 'நம்மவர்' படத்துக்கு. மகளைப் பறிகொடுத்த அப்பாவாக அழுததற்கு! சிறந்த துணை நடிகர். முப்பத்தைந்து வருஷம் ஒரு மாநிலத்தையே சிரிக்க வைத்த மனுஷன், கடைசியில் அழுது காட்டித்தான் விருது வாங்க வேண்டியிருந்தது. நன்றாகத்தான் நடித்தார், அந்தக் காட்சியில் நானும் கண்ணைத் துடைத்தவன்தான். ஆனாலும் இது என்ன நியாயம்? தேசிய விருதில் நகைச்சுவைக்கென்று ஒரு பிரிவே கிடையாது. நம் மாநில விருதில் இருக்கிறது. ஆனால் அதன் லட்சணத்தைக் கேள்: 2009 முதல் 2014 வரை ஆறு வருஷ விருதுகளை ஒரே மூட்டையாகக் கட்டி 2017-இல் அறிவித்தார்கள், 2022 செப்டம்பரில்தான் கையில் கொடுத்தார்கள். ஜோக் சொல்லி எட்டு வருஷம் கழித்துக் கைதட்டுகிற சபை நம்முடையது. கொடுத்த இடமோ கலைவாணர் அரங்கம்.

பத்ம விருதும் நாகேஷுக்கு வரவில்லை. 2009 ஜனவரி நினைவிருக்கிறதா? குடியரசு தினத்தை ஒட்டி வந்த பட்டியலில் விவேக்குக்குப் பத்மஸ்ரீ. நீ போன் பண்ணி, "ஒரு காமெடியனுக்குக் கிடைத்துவிட்டது பார்" என்று துள்ளினாய். அதே மாதம் 31-ஆம் தேதி நாகேஷ் போய்விட்டார். அன்றைக்கும் நீ போன் பண்ணினாய். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, பில் மட்டும் ஏறியது.

விவேக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஹ்யூமர் கிளப்பில் பேசி, பாலசந்தர் கண்ணில் பட்டு வந்தவர். நம்மைப் போல ஆபீஸ் ஃபைலுக்குள் வசனத்தை ஒளித்து வைத்துப் படித்த சாதி. பத்மஸ்ரீயைவிடச் 'சின்னக் கலைவாணர்' என்று ஜனங்கள் கூப்பிட்டதுதான் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 2021 ஏப்ரலில் அவர் போனபோது போலீஸ் மரியாதை கொடுத்தார்கள், மறு வருஷம் விருகம்பாக்கத்தில் அவர் வீடு இருந்த தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதெல்லாம் சரி. ஆனால் அவர் செத்த அன்று யார் யாரோ தங்கள் வாசலில் மரக்கன்று நட்டார்களே, அதை எந்த அரசாணை போட்டு வாங்க முடியும்? ஒரு கோடி மரம் என்று கிளம்பி முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்தார். மீதியை ஜனங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

மூத்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கதை இன்னும் பெரிது. கொலை வழக்கில் சிறைக்குப் போய் 1947-இல் விடுதலையாகி வந்தவரை ஜனங்கள் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கலைவாணர் பட்டத்தைக் கொடுத்தவர் பம்மல் சம்பந்த முதலியார், நாடகத்துக்கே பெரியவர். தி.நகரில் நிற்கிற சிலையை அண்ணா திறந்தது 1969 பொங்கல் அன்று. உடம்பு முடியாமல் வந்து திறந்தார். அதுதான் அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி, மூன்று வாரத்தில் அவரும் இல்லை. என் பட்டத்தை யார் கையால் கொடுப்பார்கள் என்று அந்த போன்காரரிடம் கேட்டேன். "சீஃப் கெஸ்ட் இன்னும் முடிவாகலைங்க, அவரும் பங்களிப்பு தரணும்" என்றார்.

இதை எல்லாம் யோசித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று உறைத்தது. தருமியாவது சொக்கன் எழுதிக் கொடுத்த பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பரிசு கேட்கப் போனான். நான் பாட்டே இல்லாமல் பாண்டியனுக்கு அட்வான்ஸ் அனுப்பியிருக்கிறேன். நக்கீரன் வேறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். உன் தங்கச்சி பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "இந்த இரண்டாயிரம் யாருக்கு?" என்றாள். குற்றம் குற்றமே என்று அவள் சொல்லவில்லை, பார்த்தாள்.

1983-இல் நாம் வாங்கிய கப்பைத் தேடினேன். நீ பொம்பளை வேஷத்தில் மீசையோடு மேடை ஏறிய அந்த நாடகம்தான். பரணில் இல்லை, பீரோவில் இல்லை. கடைசியில் வாசல்படியில் இருந்தது. பத்து வருஷமாக அதில்தான் கோலப்பொடி வைத்திருக்கிறாளாம். "கைக்கு வாகா இருக்கு" என்கிறாள். தட்டித் துடைத்து, பேரைப் படித்தேன். உன் பெயரில் ஓர் எழுத்து அப்போதே தப்பு. திரும்பப் பொடியைப் போட்டு அங்கேயே வைத்துவிட்டேன்.

பத்திரிகை ப்ரூஃப் புதன்கிழமை போகிறது. ஏதாவது சேர்க்கணுமா என்று மருமகள் கேட்டாள். ஓய்வு என்பதை அடித்துவிட்டு, ரயில்வே மட்டும் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீ இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடு, முழங்கால் சாக்குச் சொல்லாதே. வரும்போது அந்த மீசை போட்டோவைக் கொண்டு வா, சம்பந்தியிடம் காட்ட வேண்டும்.

எழுதி முடிக்கும்போது அந்த ஆள் மறுபடி கூப்பிட்டுவிட்டார். அட்வான்ஸ் திரும்பி வராதாம். ஆனால் இன்னொரு கலைஞரைச் சேர்த்துவிட்டால் எனக்கு ஐயாயிரம் தள்ளுபடியாம். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். தென்றல் காலியில்லை என்பதால் உனக்குப் புயல்.

இப்படிக்கு,
இன்னும் டாக்டர் ஆகாத
உன் மச்சான்