பத்துப் பேர் சுமாராகப் பின்னட்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. லேஸ் வகுப்பை இந்த ஆண்டோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்ட விதத்தைப் பார்த்தால், பாதி முடிவை நீயே எடுத்துவிட்டு மீதிக்கு நான் தலையாட்டுவேன் என்று காத்திருப்பதுபோல் தெரிகிறது. தலையாட்ட மாட்டேன். காரணத்தைச் சொல்வதற்கு முன் என் வீட்டுச் செய்திகளை முடித்துவிடுகிறேன்.

கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நீலத் துணி போர்த்திய லேஸ் பின்னும் திண்டின்மேல் வெள்ளை நூல் இப்போது இழை இழையாகத் தெரிகிறது. கறுப்பு நூலை மட்டும் பகல் வெளிச்சத்தில்தான் தொடுகிறேன். தொடர்ந்து நெடுநேரம் உட்கார வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன், அதோடு சரி. மகன் வேலை மாறியிருக்கிறான். பேத்தி உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள்; அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மூட்டுவலியைப் பற்றி நீயும் எழுதவில்லை, நானும் எழுதப்போவதில்லை.

இனி உன் புகாருக்கு வருகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்கிறாய். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்ததா? இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் பக்கத்து லேஸ் பள்ளிகளை நினைத்துப்பார். ஐந்து, ஆறு வயதிலேயே குழந்தைகளைத் திண்டின் முன் உட்காரவைத்தார்கள். பின்னலைப் பிடித்து நிறுத்த எத்தனை குண்டூசி குத்தினோம் என்று எண்ணிக்கொண்டே பாட அவர்களுக்கென்று தனிப் பாட்டுகள் இருந்தன. இன்று அவற்றைத் தொகுத்து நாட்டுப்புறச் செல்வம் என்கிறோம். குழந்தைகள் வேகம் குறையாமல் வேலை செய்வதற்காகப் பிறந்த பாட்டுகள் அவை. இருட்டிய பிறகு ஒரே மெழுகுவத்தியைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை வைத்து, அவற்றின் வழியே குவிந்து விழும் வெளிச்சத்தில் பலர் பின்னினார்கள். அதற்குப் பெயர் பொறுமையா? எழுந்து போக வழியில்லாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் வகுப்பில் இருப்பவர்கள் எழுந்து போகக்கூடியவர்கள். அப்படியிருந்தும் சிலர் மறுவாரம் திரும்பி வருகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது.

'எனக்குப் பிறகு இதை முழுதாக அறிந்தவர் யார்' என்று கேட்டிருக்கிறாய் அல்லவா? அதைப் படித்ததும் புரானோ தீவின் கதைதான் நினைவுக்கு வந்தது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இன்னொரு முறை கேள். வெனிஸ் பக்கத்து அந்தச் சின்னத் தீவில் ஊசியும் நூலும் கொண்டு தைக்கும் ஊசி லேஸ் ஒரு காலத்தில் அரசர்களின் கழுத்துப்பட்டைக்குப் போனது. பிறகு நொடித்து, 19ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறைந்தேபோயிற்று. 1872 குளிர்காலத்தில் மீன்பிடித் தொழில் முடங்கித் தீவே பட்டினி கிடந்தபோது, பெண்களுக்கு ஒரு வருமானம் வேண்டும் என்று லேஸ் பள்ளி தொடங்க முனைந்தார்கள். அப்போது பழைய தையலை அறிந்தவராகக் கிடைத்தவர் சென்சியா ஸ்கார்ப்பாரியோலா என்று ஊரார் அழைத்த எழுபது வயது மூதாட்டி. கைக்குத் தெரிந்திருந்தது, ஆனால் வாயால் விளக்கிக் கற்பிக்க அவருக்கு வரவில்லை. அன்னா பெல்லோரியோ என்ற பள்ளி ஆசிரியை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவர்தான் பிறகு சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் மூதாட்டியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த ஆசிரியைமேல்தான் மதிப்பு. லேஸில் அவர் பெரிய கைகாரியாக இருந்திருக்க மாட்டார். ஆனால் பார்த்ததைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர். உன்னிடம் இரண்டும் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு வகுப்பை மூடுகிறேன் என்கிறாய்!

புரானோவில் இன்னொன்றும் நடந்தது. ஒரு லேஸ் துண்டு பல கைகள் மாறித்தான் முடியும். கோட்டின்மேல் நூல் பதிப்பவர் ஒருத்தி, இடைவெளியை நிரப்புபவர் இன்னொருத்தி, பகுதிகளை இணைக்கும் நூல் கம்பிகளைப் பின்னுபவர் வேறொருத்தி. தன் பகுதியில் ஒவ்வொருத்தியும் கெட்டிக்காரி. ஆனால் தொடக்கம் முதல் கடைசிவரை தனியாக ஒரு துண்டு செய்யத் தெரிந்தவர்கள் அரிது. கை நிறைய ஆட்கள் இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடும். நான்கு பேர் குறைந்தால் மொத்தமும் நின்றுவிடும். 1970 வாக்கில் அந்தப் பள்ளி மூடப்பட்டு, அதே கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், உன் மாணவிகள் செய்வது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நூல் சுற்றுவதிலிருந்து கடைசி முடிச்சுவரை அவர்களே செய்யட்டும். கடினமான மூலையை நீ போட்டுக்கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடு. அழகுக்காகத்தான் செய்கிறாய், தெரியும். ஆனால் அந்த மூலை உன்னோடு போய்விடும்.

கலையைக் காப்பாற்ற இரண்டு வழிகளைப் பார்க்கிறேன். முதல் வழி, பிரான்சின் அலான்சோன். 1665இல் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் அரசுப் பட்டறைகள் வைத்து வளர்த்த ஊசி லேஸ் மரபு அங்கே இன்றும் தேசியப் பட்டறை ஒன்றில் தொடர்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேர வேலை. ஒருவர் முழுதாகத் தேர்ச்சி பெற ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். அரசு சம்பளம் கொடுப்பதால் அந்தச் சில பேர் நிம்மதியாக உட்கார்ந்து செய்கிறார்கள். யுனெஸ்கோ 2010இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு கலையின் உச்சம் எங்கேயாவது பத்திரமாக இருக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது வழி, ஸ்லோவேனியாவின் இத்ரியா. அது பாதரசச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள், பாபின் என்னும் நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் பாபின் லேஸ் பின்னிக் குடும்ப வருமானத்துக்குத் தோள் கொடுத்தார்கள். 1876இல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்னும் நடக்கிறது. சுரங்கம் மூடிவிட்டது, பள்ளி மூடவில்லை. வழக்கமான பள்ளிப் படிப்போடு சேர்த்து ஊர்ப் பிள்ளைகள் அங்கேயும் போய்க் கற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பெரிய கலைஞர்களாவார்கள்? மிகச் சிலர்தான். மற்றவர்கள் கணக்கராகவோ செவிலியராகவோ ஆவார்கள். ஆனால் கண்காட்சியில் ஒரு லேஸ் துண்டைப் பார்த்தால் இது கையால் பின்னியதா, இயந்திரத்தில் வந்ததா என்று சொல்லிவிடுவார்கள். பெட்டியில் பாபின்கள் இருக்கும். ஓய்வுபெற்ற பிறகு எடுத்துப் பின்னுவார்கள்.

நீ அலான்சோன் கட்சி. நான் இத்ரியா கட்சி. ஒருவர் அப்பழுக்கில்லாமல் பின்னுவதைவிடப் பத்துப் பேர் சுமாராகப் பின்னுவது கலைக்கு நல்லது என்பேன். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி தன் வேகத்தில் அப்பழுக்கில்லாத இடத்துக்குப் போய்ச் சேர்வாள். அவளை முதல் நாளே அடையாளம் கண்டு, மற்ற ஒன்பது பேரை அனுப்பிவிட யாராலும் முடியாது. உன்னாலும் முடியாது.

'இதைக் கற்றால் வருமானம் வரும் என்று சொன்னால்தான் பெற்றோர் அனுப்புகிறார்கள்' என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அப்படிச் சொல்லாதே. ஒரு காலத்தில் வந்தது, உண்மைதான். 1820களில் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் கற்பித்தபோது, கையில் காசையே பார்க்காத பெண்களுக்கு அது கூலியைக் கொண்டுவந்தது. அது சின்ன விஷயமல்ல. ஆனால் அதற்குள்ளேயே இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். லீவர்ஸ் என்ற லேஸ் இயந்திரம் வந்து, அதோடு துளையிட்ட அட்டைகளால் பூக்கோலத்தை வரவழைக்கும் ஜக்கார்டும் சேர்ந்த பிறகு பூ வேலையும் இயந்திரத்துக்கு வசமாகிவிட்டது. கைலேஸ் போட்டியிட ஒரே வழிதான் மிச்சமிருந்தது, பின்னுகிறவளின் கூலியைக் குறைப்பது. அந்த வழியில் போய்த்தான் பல இடங்களில் தாயே மகளிடம் 'உனக்கு இது வேண்டாம்' என்று சொன்னாள். அவள் சொன்னதில் தவறில்லை. செலவிடும் நேரத்துக்கு ஈடான விலையை யாரும் தரமாட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. பிடித்திருந்தால் வருவார்கள். பிடித்து வருபவர்கள்தான் நிற்பார்கள்.

எப்படித் தொடங்குவது என்பதில் எனக்கும் உனக்கும் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. நீ முதல் நாளே மெல்லிய நூலையும் வெள்ளை நிறத்தையும் கொடுக்கிறாய். நான் கொடுப்பது தடித்த நூல், அதுவும் வண்ண வண்ணமாக. பாபின் இல்லையென்றால் துணி மாட்டும் மரக் கிளிப் போதும். திண்டுக்குப் பதில் ஒரு தெர்மோகோல் பலகை. இரண்டு ஜோடி, நான்கு பாபின். நடுவில் இருக்கும் இரண்டில் இடதை வலதின்மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போட்டால் துணிபோல் அடர்த்தியாக வருகிறது. குறுக்கு, முறுக்கு என்று மட்டும் போட்டால் காற்றோட்டமாக வருகிறது. பாபின் லேஸ் முழுவதும் இந்த இரண்டு அசைவுகளுக்குள் அடங்கிவிடுகிறது என்று சொன்னதும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். மற்ற ஜோடிகளுக்குக் குறுக்கே போய்வரும் நடமாடும் ஜோடிக்கு மட்டும் சிவப்பு நூல் கொடுத்தால் அது எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். நாம் வாய் வலிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

பெல்ஜியத்துக்காரர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய வரைபடங்களில் அடர்ந்த பின்னலுக்கு ஊதா, அரைப் பின்னலுக்குப் பச்சை, அடர்ந்த பின்னலோடு ஒரு முறுக்கு சேர்ந்தால் சிவப்பு. மொழி தெரியாதவர்கூடப் படித்துவிடலாம். குண்டூசி குத்தும் இடங்களை ஓட்டைகளாகக் காட்டும் உன் மாதிரி அட்டைகளுக்கு இந்த வண்ணங்களைப் போட்டுக்கொடு. என் பேத்தி அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். அவள் முதலில் பின்னியது ஒரு கைப்பட்டை, மஞ்சளும் கருநீலமும். ஓரம் ஒழுங்கில்லை. ஓர் இடத்தில் முறுக்கு விட்டுப்போய் ஓட்டை பெரிதாக இருக்கிறது. நீ பார்த்திருந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்லியிருப்பாய். நான் வாயைத் திறக்கவில்லை. கையில் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். தோழிகள் இருவர் எங்களுக்கும் வேண்டும் என்றார்களாம். இவள் பின்னித் தராமல், வந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அவர்கள் சனிக்கிழமைகளில் வருகிறார்கள், பேச்சுதான் அதிகம். அந்த ஓட்டை எங்கே வந்தது என்பதைப் பின்னாளில் அவளே கண்டுபிடித்து வந்து காட்டினாள்.

காணொளியில் பார்த்துக் கற்கிறார்கள் என்று உனக்கு வருத்தம். எனக்கு இல்லை. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மெதுவாக்கிப் பார்க்கலாம். நம்மை அப்படி ஓட்ட முடியாது. நூலை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பதை மட்டும் திரை சொல்லித்தராது. அதற்குப் பக்கத்தில் ஒரு கை வேண்டும். அந்த இடத்தில் நீ உட்கார்ந்தால் போதும், மற்றதைக் காணொளிக்கு விட்டுவிடு.

உண்மையில் எனக்குக் கவலையாக இருப்பது உன் அட்டைகள்தான். குரோவேஷியாவின் பாக் தீவில் வரைபடமே இல்லாமல் மூத்தவர்கள் கையிலிருந்து இளையவர்கள் கைக்கு ஊசி லேஸ் வந்தது. வீடு நிறையப் பெண்கள் கூடிப் பின்னிய ஊருக்கு அது சரி. உன் வீட்டில் நீ ஒருத்திதான். உன் அட்டைகளில் பாதியில் ஓட்டைகள் மட்டுமே இருக்கின்றன, எழுத்தே இல்லை. எத்தனை ஜோடி, என்ன நூல், எந்தக் குண்டூசியில் தொடக்கம் என்பதெல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது. நூல் பெயரோடு அதன் தடிமனையும் எழுது. நூல் நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்திவிடுகின்றன. வெறும் பெயரை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. பெல்ஜியப் பக்கத்து ஃபிளாண்டர்ஸின் பழைய லேஸ்களுக்குப் பயன்பட்ட அந்த மிக மெல்லிய ஆளி நூல் இன்று கிடைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எந்தத் தடிமன் என்று தெரிந்தால்தான் மாற்று நூலுக்கு ஏற்ப அட்டையைப் பெரிதாக்கிக்கொள்ள முடியும்.

முதலில் அந்த விசிறி ஓர அட்டையை எடுத்துக்கொள். நகலெடுத்து, விவரங்களை அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதி எனக்கு அனுப்பு. தனித்தாளில் எழுதாதே, தாளும் அட்டையும் கண்டிப்பாகப் பிரிந்துபோகும். நான் அதைப் பார்த்து உன்னிடம் எதுவும் கேட்காமல் பின்ன முயல்கிறேன். எங்கே தடுக்குகிறதோ அங்கே நீ எழுத விட்டுப்போனது தெரிந்துவிடும். அப்படியே பித்தளைக் குண்டூசிகள் மிச்சமிருந்தால் ஒரு டப்பா சேர்த்து அனுப்பு; இங்கே கிடைப்பவை துருவேறி நூலைக் கறையாக்குகின்றன.

வகுப்பை அடுத்த ஆண்டுக்கும் அறிவித்துவிட்டுப் பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி