நாலரை வீடும் பேஸ்மென்றும்

ஸ்காபரோ
ஞாயிறு இரவு

அன்புள்ள மகள்,

நேற்று நீ ரெலிபோனில் "அப்பா, ரொறன்ரோவா மொன்றியலா, சொல்லுங்கோ" என்று கேட்டாய். நான் மூச்சு விடமுன்னம் "ரொறன்ரோ" என்றேன். நீயும் "சரியப்பா" என்றுவிட்டு, சின்னவன் நேசரியில் ஆரையோ கடித்த கதைக்குப் போய்விட்டாய். போனை வைத்ததும் அம்மா கேட்டா: "அவள் கேட்டது தனக்கு. நீங்கள் சொன்னது ஆருக்கு?" பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. போனில் என்றால் திரும்பவும் அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிடுவேன். அதுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்றுக்குப் போன மாதமே பெயின்ற் அடித்துவிட்டேன். நீ வருவதாக ஆரும் சொல்லவில்லை. மஞ்செஸ்ரரில் இருந்துகொண்டு இரண்டு இடத்துக்கும் இன்ரவியூ கொடுக்கிறாய் என்று தெரிந்த அன்றைக்கே போய்ப் பெயின்ற் வாளியோடு வந்தேன். ஆகையால் நான் நடுநிலை ஆள் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

காசுக் கணக்கை ஹைட்ரோ (மின்சார) பில் வந்த கடித உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ரொறன்ரோ வங்கி தருகிற சம்பளம் மொன்றியல் கம்பியூட்டர் விளையாட்டுக் கம்பனி தருவதைவிட வருசத்துக்கு 18,000 டொலர் கூட. மொன்றியல் இருக்கிற கியூபெக்கில் மாகாண வருமான வரியும் கூட. மத்திய அரசுக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று என்று வருசா வருசம் இரண்டு வரிப் பத்திரம் நிரப்பவேணும். கடையில் கொடுக்கிற வரி இங்கே 13 வீதம், அங்கே கிட்டத்தட்ட 15. இந்த மட்டுக்கும் ரொறன்ரோதான். வாடகை என்று கோடு போட்டதும் உறையில் இடம் காணவில்லை. கூட வருகிற 18,000இல் பெரும்பங்கை இங்கே வீட்டுக்காரன்தான் எடுப்பான். பேஸ்மென்றில் இருந்தால் வாடகை மிச்சம்தானே என்று நான் வாயெடுக்க, "ஒரு குசினியில் நானும் அவளும் மூன்று மாதம். அதுக்கு மேலே வேண்டாம்" என்றா அம்மா. அவ உன்னைத் தெரிந்தவ.

ரொறன்ரோவில் வாடகைக்கு எடுத்தால் புதுக் கண்ணாடிக் கொண்டோ மாடிவீட்டைக் கண்டு மயங்காதே. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதல் ஆள் குடியேறின வீட்டுக்கு ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடு இல்லை. வருசம் முடிய வீட்டுக்காரன் நினைத்த அளவுக்குக் கூட்டலாம். எங்களுடைய ஆட்களே கனபேர் இதில் மாட்டுப்பட்டிருக்கினம். பழைய கட்டிடமாகப் பார். மொன்றியலில் முற்பணம் என்று வீட்டுக்காரன் கேட்டால் கொடுக்காதே. அங்கே அது சட்டத்துக்கு மாறு, முதல் மாத வாடகைக்கு மேலே வாங்க முடியாது. நாங்கள் தெரியாமல் ஒருத்தனுக்கு 400 டொலர் கொடுத்து அது போனதுதான்.

வீடு தேடும்போது "நாலரை" என்று போட்டிருப்பினம். நான் முதலில் அதைப் பார்த்துவிட்டு, அரை அறை என்றால் சுவரைப் பாதியில் விட்டிருக்கினமோ என்று யோசித்தேன். அந்த அரை குளியலறை. மிச்சம் நாலு என்றால் இரண்டு படுக்கையறை, குசினி, முன்னறை. உங்கள் மூன்று பேருக்கும் நாலரை காணும். நாங்கள் வந்து நின்றால் காணாது, அது வேறு கதை.

அலுப்பான ஒரு விசயம், ஆனால் மறந்துவிடாதே. ஒன்ராறியோவில் வந்தவுடன் சுகாதார அட்டைக்கு எழுதலாம், காத்திருக்கிற மூன்று மாதத்தை 2020இல் எடுத்துவிட்டினம். கியூபெக்கில் வெளிநாட்டிலிருந்து திரும்புகிற பெரியவர்களுக்கு இன்னும் மூன்று மாதம் வரை இழுக்கும். மருமகனுக்குப் பிரஷர் குளிசை இருக்கிறதுதானே? மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொண்டு வரட்டும்.

சின்னவன் விசயத்தில் எல்லாரும் கியூபெக்கைத்தான் சொல்லுவினம், குழந்தைப் பராமரிப்பு மலிவு என்று. மெய்தான். 1997இல் நாளுக்கு 5 டொலர் என்று தொடங்கினவங்கள், மானியம் உள்ள இடத்தில் இப்பவும் பத்துக்குள்தான் வாங்குகிறாங்கள். இங்கே 2025 தொடக்கம் 22 டொலருக்கு மேலே போகக்கூடாது என்று வைத்திருக்கினம். ஆனால் இரண்டு இடத்திலும் இடம் கிடைக்கிறது லொத்தர் மாதிரி. அவனுக்கு மூன்று முடிகிறது. ஒன்ராறியோவில் நாலு வயதிலேயே முழுநாள் கிண்டர்காடின், செலவில்லை. ஒரு வருச மிச்சத்துக்காக ஊரைத் தெரிவு செய்யாதே.

பள்ளிக்கூடம்தான் பெரிய விசயம். மொன்றியலில் பெரும்பாலான பிள்ளைகள் பிரெஞ்சில்தான் படிப்பினம், 1977ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. இந்த இடத்தில் உனக்கு நான் சொல்லாத ஒரு கதை இருக்கிறது.

1986 நவம்பரில் மிராபெல் விமானநிலையத்தில் மெல்லிய ஜக்கெற் ஒன்றோடு இறங்கினேன். அந்த ஓகஸ்றில்தான் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகில் நியூபவுண்லாந்துக் கடலில் மிதந்து, மீன்பிடிக்காரர் காப்பாற்றினவை. பேப்பரெல்லாம் எங்கள் ஆட்களின் கதைதான். ஏன் மொன்றியலுக்கு வந்தாய் என்று ஆராவது கேட்டால், பிளேன் அங்கே இறங்கினது, அவ்வளவுதான். ஊரைத் தெரிவு செய்கிற பவுசு எங்களுக்கு இருக்கவில்லை. பகலில் ஷபானெல் தெருவில் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன், இரவில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினேன். உன் கம்பனி இருக்கிற மைல் எண்ட் பக்கமும் முன்னம் அப்படித்தான். 1997இல் யூபிசொஃப்ற் வந்து குடியேறின சென் லோரன் தெருக் கட்டிடம் ஒரு காலத்தில் உடுப்புத் தொழிற்சாலை. அப்பன் பெட்டி அடுக்கின மாதிரி இடத்தில் மகள் கம்பியூட்டர் விளையாட்டுச் செய்யப் போகிறாள் என்று நினைக்கச் சிரிப்பு வருகிறது.

நீ அங்கே பிறந்தாய். அம்மா உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு சென் ஜோசப் ஒரற்றரிப் படியெல்லாம் ஏறி மெழுகுதிரி கொளுத்தினவ. சைவக்காரி, ஆனால் அந்தப் புனிதரையும் விடவில்லை. பிளமொண்டன் ஸ்ரேசனில் மெற்றோ வெளிக்கிடும்போது மூன்று சுரம் பாடுமே, நீ அதைப் பாடிக்கொண்டுதான் சாப்பிடுவாய். ஏழு வயதில் வீட்டுக்காரனின் கடிதத்தை விரல் வைத்து வாசித்து, "கூட்டப் போறாராம் அப்பா, 25 டொலர்" என்று சொன்னாய். அந்த வயதில் நீதான் வீட்டுக்குச் சட்டத்தரணி.

நாங்கள் ஏன் மொன்றியலை விட்டோம் என்று கேட்கிற எல்லாருக்கும் 1998 ஜனவரிப் பனிமழையைச் சொல்லிவந்தேன். உனக்கும் அதுதான் தெரியும். ஐந்து நாள் வானத்திலிருந்து தண்ணீராய் விழுந்து, விழுந்த இடத்தில் ஐஸாய் உறைந்தது. மரமெல்லாம் முறிந்தது, மின்கம்பமெல்லாம் சரிந்தது. நாங்கள் ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்குள் நாலு இரவு படுத்தோம். வேறு சிலருக்கு 1995 ஒக்ரோபர் 30 வாக்கெடுப்பைச் சொல்லுவேன். கியூபெக் பிரிவினைக்கு 50.58 வீதம் பேர் வேண்டாம் என்று போட, அது தோற்றது. பணமும் இனத்தவர் வாக்குகளும் தோற்கடித்ததாகக் கியூபெக் முதலமைச்சர் பாரிசோ ரீவியில் சொன்ன இரவு, கோப்பை கழுவுகிற இடத்தில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டும் நடந்ததுதான். இரண்டுக்காகவும் நான் வெளிக்கிடவில்லை.

மூன்றாம் வகுப்பில் ரீச்சரைப் பார்க்கப் போனோம், நினைவிருக்கா? அவ உன்னைப் பற்றிப் பிரெஞ்சில் இருபது நிமிசம் கதைத்தா. இடையில் ஒருமுறை உன் தலையைத் தடவினா, ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. நான் உன்னைப் பார்த்தேன். நீ சொன்னாய்: "நல்லாப் படிக்கிறனாம்." இருபது நிமிசத்துக்கு இரண்டு சொல். மிச்சம் என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வரும்போது பஸ்ஸுக்குள் முடிவெடுத்தேன். அந்த யூலை முதலாம் திகதியே இங்கே வந்துவிட்டோம்.

இங்கே எனக்கு வாய் வந்தது. ரீச்சரோடு, டொக்ரரோடு, வங்கிக்காரனோடு நானே கதைத்தேன். மார்க்கம் றோட்டில் இறங்கினால் தமிழிலேயே மீன் வாங்கலாம், தலைமயிர் வெட்டலாம், கார் திருத்தலாம். நீ ஒரு வருசம் கதைக்கவில்லை. உன் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்ததாம். பிரெஞ்சுப் பாடத்தில் வேணுமென்று பிழையாய் எழுதினாய், மற்றவர்களைப் போல இருக்கவேணும் என்று. 52 புள்ளி எடுத்த அந்தக் கொப்பி இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. ஆகையால் ஒரு முறை என் வாய்க்காக ஊர் தெரிவு செய்தாயிற்று. நேற்று அவசரமாய் "ரொறன்ரோ" என்றதும் அதே வாய்தான்.

இனி உனக்குச் சொல்கிறேன். எனக்கு மொன்றியல் வேலைதான் உன்னுடைய வேலையாகத் தெரிகிறது. வங்கியைப் பற்றிச் சொல்லும்போது சம்பளத்தைச் சொன்னாய். மற்றதைப் பற்றிச் சொல்லும்போது வேலையைச் சொன்னாய், அதுவும் முக்கால் மணித்தியாலம். ஆனால் "அலுவலகத்தில் ஆங்கிலம் காணும்" என்று அவங்கள் சொன்னதை அரைவாசிதான் நம்பு. 2025 ஜூன் தொடக்கம் 25 பேர் வேலை செய்கிற கம்பனிக்கும் பிரெஞ்சுச் சட்டம் இறுக்கம். வேலைக்குக் காணும் என்றாலும் பதவி உயர்வுக்குக் காணாது, குழாய் வெடித்து ஆளைக் கூப்பிடவும் காணாது. ஒன்று செய். இந்தக் கிழமை ஒரு நாலரை வீட்டுக்காரனுக்குப் போன் எடுத்துப் பிரெஞ்சிலேயே பத்து நிமிசம் கதை. தடக்கினால் தடக்கட்டும். ஆனால் வைத்த பிறகு உனக்கு வெட்கமாய் இருக்கிறதா, புளுகமாய் இருக்கிறதா என்று பார். வெட்கம் என்றால் இங்கே வா, பெயின்ற் காய்ந்திருக்கிறது.

அங்கே என்றால் பார்க் எக்ஸ்ரென்சன் பக்கம் பார். மைல் எண்டுக்குக் கிட்ட, எங்கள் சாமான் கடைகளும் உண்டு. பக்கத்தில் யூனிவேர்சிற்றியின் புது வளாகம் திறந்தபிறகு வாடகை ஏறிவிட்டது, ஆனாலும் பார். முருகன் கோயில் டொலார்-தே-ஓர்மோவில், அதுக்குக் கார் வேணும். வெளியால் சுற்றி ஏறுகிற இரும்புப் படி வைத்த மேல்மாடி வீடு மட்டும் எடுக்காதே. படம் பிடிக்க வடிவு. பெப்ரவரியில் ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் பால் போத்தலோடு அதில் ஏறினவன் நான். இரவில் சைரன் ஊதினால் பயப்படாதே, பனி வழிக்க வருகிறாங்கள், காரை எடுத்துவிடு. இல்லாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவாங்கள்.

தூரத்தை யோசிக்காதே. 540 கிலோமீற்றர், ஐந்தரை மணித்தியாலம். ரெயினில் போனால் அம்மா புட்டுக் கட்டிக்கொண்டு வருவா. ரொறன்ரோவிலேயே நீ டவுன்ரவுனில் இருந்தாலும் ஒவ்வொரு நாளும் வரப்போகிறாயா? 2023 யூலையில் ஸ்காபரோ ஆர்.ரீ. ரெயின் தடம்புரண்டு மூடினதில் இருந்து கெனடி ஸ்ரேசனுக்கு பஸ்தான், எங்களிடம் வந்துசேர ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும்.

ஒரு அவசரம் மட்டும் இருக்கிறது. மொன்றியலில் பெரும்பாலான வீட்டு ஒப்பந்தம் யூன் 30இல் முடிகிறது, முழு ஊரும் யூலை முதலாம் திகதி வீடு மாறும். அன்றைக்கு லொறி கிடையாது, கிடைத்தாலும் மூன்று மடங்கு கேட்பான். இங்கேயிருந்து ஒரு லொறி வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கொண்டு வருவேன். பேஸ்மென்றில் இருக்கிற கட்டிலும் மேசையும் சும்மாதானே கிடக்கிறது. இப்பவே சொல்லிவைத்தால்தான் லொறி பிடிக்கலாம். போனை எடுத்துக் கதைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லு.

அன்புடன்
அப்பா

அம்மா கேட்கிறா, சின்னவனின் சப்பாத்து என்ன அளவு? எந்த ஊருக்கு வந்தாலும் பனிச் சப்பாத்து வேணுமாம்.