மேசை மேல் இருந்த கேக் தட்டு

சிவகாசி
புரட்டாசி 20

அன்புள்ள கண்ணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கிணற்றடி வேம்பை வெட்டியாகிவிட்டது. சித்தப்பா வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன்.

மீனுவின் பிறந்தநாள் படத்தை மருமகள் அனுப்பியிருந்தாள். தெருக்கோடி அச்சகத்தில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கினேன். குழந்தைக்கு உன் அம்மாவின் நெற்றி. ஆனால் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது அவளுக்குப் பின்னால், கேரேஜில் தெரிந்த மேசையை. அதன் மேல் பச்சை நிறத்தில், நீளக் கைப்பிடி வைத்த இரும்புச் சாமான் ஒன்று. அக்கா மகனிடம் காட்டினேன். "தாத்தா, அது பிரஸ்" என்றான். பிரஸ் என்றால் இந்த ஊரில் காலண்டர் அடிப்பது. மாமா டெக்சாஸில் காலண்டர் அடிக்கிறானா என்று கேட்டேன். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் திரும்ப மருந்து நிரப்புகிற பிரஸ் என்றான்.

நாற்பத்தொரு வருடம் பட்டாசு மருந்தோடு பிழைத்தவனுக்கு இது ஒரு படத்தின் மூலையிலிருந்துதான் தெரியவேண்டுமா? சரி, போகட்டும்.

மூன்று வாரமாக அவன் போனில் இந்த வேலையின் வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்டின் அடியில் நெருப்பு மூட்டுகிற சிறு மூடியைப் பிரைமர் என்கிறார்கள். பழைய பிரைமரைத் தள்ளுவது, கூட்டை அச்சுக்குள் இறக்கி அளவுக்குக் கொண்டுவருவது, புதுப் பிரைமர் பதிப்பது, பவுடர் ஊற்றுவது, குண்டை உட்காரவைப்பது. எங்கள் ஆலையில் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. ஒன்று போனாலும் மற்றது தப்பட்டும் என்றுதான் அப்படிப் பிரித்து வைத்தார்கள். நீ எல்லாவற்றையும் ஒரே மேசையில் ஒருவனாகச் செய்கிறாய்.

மேசை நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிளைவுட்டை இரட்டையாக ஒட்டியிருக்கிறாய். கால் வரும் இடத்துக்கு நேர் மேலே பிரஸ்ஸை போல்ட் போட்டு, மேசையைச் சுவர்ச் சட்டத்தோடு பிணைத்திருக்கிறாய். கைப்பிடியை அழுத்தும்போது மேசை ஆடினால் தோட்டா ஒன்றுபோல் ஒன்று வராது, தராசும் நிற்காது. அது உனக்குப் புரிந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் அம்மாவுக்கு முக்காலி செய்து கொடுத்தவன்தானே. அது இன்னும் அடுப்படியில் இருக்கிறது, ஒரு கால்கூட ஆடவில்லை.

ஆனால் அந்த மேசை மேல் கேக் தட்டு இருக்கிறது கண்ணா. பாதி தின்ற கேக், பிளாஸ்டிக் கரண்டியோடு. ஒரு சாண் தள்ளிப் பிரைமர் பெட்டி திறந்து கிடக்கிறது. பிரைமரில் ஈயம் உண்டு. சுட்ட கூட்டைத் துலக்கும்போது பறக்கும் தூசியிலும் ஈயம் உண்டு. சிறு பிள்ளைகள் உடம்பில் அது சேர்ந்தால் மூளையைத்தான் பிடிக்கும். மேசையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மீனுவைத் தூக்காதே. அந்தச் சட்டையோடு அவள் கட்டிலில் உட்காராதே.

பவுடர் பாட்டில் இரண்டு நிற்கிறது, இரண்டுக்கும் மூடி இல்லை. மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான் இருக்கவேண்டும். பார்வைக்கு இரண்டும் கறுப்புப் பொடி. ஒன்று நிதானமாக எரியும், மற்றது சடாரென்று எரியும். அவசரத்தில் கைக்கு வித்தியாசம் தெரியாது. வேலை முடிந்ததும் மீதியை அதே பாட்டிலில் கொட்டி மூடிவிடு.

பவுடருக்குக் கிரெயின் என்று ஓர் அளவு சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தேன். 65 மில்லிகிராம்தான், குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு நாலைந்து கிரெயின் போதுமாம், சில கூட்டில் பாதிகூட நிறையாது. எனக்குத் தூக்கம் போனது இதில்தான். பாதிகூட நிறையாத கூட்டில் மறந்துபோய் இரண்டாம் தடவை ஊற்றினாலும் வழியாது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரிவது சுடும்போதுதான், முகத்துக்கு முன்னால். ஐம்பது கூட்டையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்த பிறகே குண்டு வை. கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு ஒருநாளும் போகாதே, பத்தில் ஒரு பங்கு குறைத்தே தொடங்கு. இடையில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராதே. எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து வா.

தரையில் சிந்தினால் வாக்குவம் கிளீனரை வைக்காதே. துடைப்பமும் முறமும் போதும். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று நாங்கள் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் கால் வைப்போம். உன் கேரேஜில் காஸில் எரிகிற தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அது எந்தப் பக்கம்? படத்தில் தெரியவில்லை. பிரைமரை அதன் பெட்டியிலேயே வை, கண்ணாடி சீசாவில் கொட்டி வைக்காதே. வீட்டில் பத்தாயிரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று அந்த நாட்டுத் தீயணைப்பு விதியாம். உனக்கு எதற்குப் பத்தாயிரம்? ஒரு நேரத்தில் ஒரு பாட்டில். அதை மறக்காதே.

உனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லவில்லை. 2012-இல் பட்டாசு ஆலை வெடித்தபோது முதலிப்பட்டிக்கு நான் ஓடியது உனக்குத் தெரியும், யாரைத் தேடினேன் என்பதும் தெரியும். அந்த வருடம் நீதான் போனில் அழுதாய், இனிமேல் அந்தப் பக்கமே போகாதீர்கள் அப்பா என்று.

தோட்டா ஒன்றுக்கு இத்தனை சென்ட் மிச்சம் என்று நீ கணக்குச் சொன்னதாக மருமகள் சொன்னாள். மிச்சம் ஒன்றும் ஆகாது, கூடுதலாகச் சுடுவோம், அவ்வளவுதான் என்று அந்த வீடியோக்காரரே சிரிக்கிறார். டாலரில் சம்பளம் வாங்குகிறவன் இரவு பதினொரு மணிக்கு மேல் கேரேஜில் உட்கார்ந்து சென்ட் எண்ணுகிறானா? நாங்கள் மருந்துக் கலவையைக் காலை வெயில் ஏறுவதற்குள் முடிப்போம். களைத்த கண்ணுக்கு எந்த ஆலையிலும் வேலை கிடையாது. சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே உரிமம் தேவையில்லையாம், விற்பதானால் வேண்டுமாம். நீ விற்கமாட்டாய். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஆபீஸ் எப்படி என்று நான் கேட்கவில்லை. ஆனி மாதத்திலிருந்து நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்காவின் கையைப் பற்றி எழுதவேண்டும் என்று உட்காரவில்லை. எழுத வந்துவிட்டது. ஸ்டவ் வெடித்தது என்றுதான் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொன்னேன். 1991-இல் நான் வேலை பார்த்த ஆலையின் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். இரண்டு மாதம் எனக்கு வேலை இல்லை. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் உன் அம்மா கட்டிக்கொடுத்த டிபன் கேரியரோடு கிளம்பித் திருத்தங்கல் ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்புவேன். காலி கேரியருக்குள் பட்டாசுக்கு வைக்கிற கருந்திரியை வைத்துக் கொண்டுவந்து இரவில் மச்சில் உட்கார்ந்து வெட்டிக் கட்டினேன், கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஒருநாள் கரண்ட் போயிற்று. அப்பா இருட்டில் இருக்கிறாரே என்று அக்கா சிமினி விளக்கை ஏற்றிக்கொண்டு படியேறி வந்தாள். எட்டு வயது.

அவள் கல்யாணத்துக்கு முழுக்கை ரவிக்கை தைத்தது ஏன் என்று நீ கேட்டாய். நான் எழுந்து வெளியே போனேன், உனக்கு நினைவிருக்கலாம்.

வேலை இல்லை என்று உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அண்ணனிடம் கேட்டிருப்பாள், அரிசிக்குப் பஞ்சம் வந்திருக்காது. சொல்ல வெட்கமாக இருந்தது. அவளுக்கு இன்றுவரை திரி மட்டும்தான் தெரியும். ரயில் நிலையம் தெரியாது.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடச் சொல்லலாமா என்று யோசித்தேன். நீ கோபப்படுவாய். வேம்பு விற்ற பணம் சும்மாதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உன் அம்மா பத்ரகாளியம்மன் கோவிலுக்குப் போய்விடுவாள், வர ஏழரை ஆகும். உனக்கு அது சனி இரவு ஏழரை மணி. அந்த நேரத்தில் போன் பக்கத்திலேயே இருப்பேன். தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா