காத்தும் வெந்நியும்: எஸ்பியர்க்ல இருந்து ஒரு லெட்டர்

ஏட்டி,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து மூணு வாரம் ஆச்சு, போன்ல பேசுனா பாதியில ஏதாவது வேலை வந்துரும், அதான் உக்காந்து டைப் பண்றேன், நீயும் பொறுமையா படி. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முஞ்சிட்டுன்னு கேட்டதும் அப்பாடான்னு இருந்துச்சு. சொட்டு மருந்து நேரத்துக்கு விடு, அடுப்பு புகை பக்கம் அவங்கள விடாத.

ஆடிக்காத்து நல்லா அடிக்கும்போது பாத்து, கரண்ட் எடுக்கிற காத்தாடிய நிறுத்தச் சொல்லி போன் வருது, நிறுத்திட்டு கீழ நின்னு பாக்கும்போது வயிறு எரியுதுன்னு சொன்னல்ல, அது மனசுல ஓடிட்டே இருக்கு. ஏன்னா இதே வயித்தெரிச்சல் இங்க எஸ்பியர்க் இருக்கிற மேற்கு டென்மார்க்லயும் உண்டு. வட ஜெர்மனில காத்து கூடி கரண்ட் போற கம்பில இடம் இல்லாம போனா, அந்தப் பக்கத்துல இருந்து காசு குடுத்து இந்தப் பக்கத்து காத்தாடிய நிறுத்தச் சொல்லுவாங்க. 2017 ஜூன்ல ரெண்டு நாட்டு அமைச்சகங்களும் ரெண்டு நாட்டு ரெகுலேட்டர்களும் (கரண்ட், கேஸ் கம்பெனிகள கண்காணிக்கிற அமைப்புங்க) சேந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, பார்டர்ல குறைஞ்சபட்சம் இவ்வளவு மெகாவாட் திறந்து வைக்கணும், ஜூலைல 100ல ஆரம்பிச்சு 2020க்குள்ள 1,100 ஆக்கணும்னு. கம்பில இடம் இல்லன்னாலும் அந்த அளவ குடுத்தே ஆகணும், அப்போ ஒண்ணு இங்க உற்பத்திய குறைக்கணும், இல்லன்னா இங்கயே யாராவது அந்த கரண்ட்ட தின்னு தீக்கணும்.

தின்னது யாருன்னு நினைக்கே, வெந்நி போடுறவங்க! இங்க மூணுல ரெண்டு வீட்டுக்கு வெந்நி குழாய்லயே வருது கேட்டியா, ஊருக்கு ஒரு பெரிய கொதிகலன், அங்க இருந்து தெருவுக்கு அடியில குழாய், வீட்டு ரேடியேட்டர்ல போய் சுத்திட்டு ஆறிப் போய் திரும்புது. 1973ல எண்ணெய் விலை ஏறி அடி வாங்குனதுக்கப்புறம் 1979ல சட்டம் போட்டு எந்தத் தெருவுக்கு வெந்நிக் குழாய், எந்தத் தெருவுக்கு கேஸ் குழாய்னு ஊர் ஊரா பிரிச்சுட்டாங்க. அந்த வெந்நி கம்பெனிகள் லாபம் வைக்கக் கூடாது, ஆகுற செலவ மட்டும்தான் பில்லுல போடலாம். அவங்ககிட்ட ராட்சச தண்ணி டேங்க் இருக்கு, காத்து அடிக்கிற ராத்திரி எலெக்ட்ரிக் பாய்லர போட்டு டேங்க்க சூடாக்கிட்டு அடுத்த நாள் முழுக்க ஊருக்கு விடலாம். பேட்டரி கூட வேண்டாம்ட்டி, வெறும் தண்ணி!

இவ்வளவு இருந்தும் ரொம்ப வருஷம் இது சரியா ஓடல, எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம் அது தான். டென்மார்க்ல கரண்ட், கேஸ், வெந்நி மூணுக்கும் ஒரே ரெகுலேட்டர். கரண்ட் மெயின் லைனும் கேஸ் மெயின் லைனும் ஒரே அரசு கம்பெனி, எனர்ஜிநெட், 2005ல தனித்தனியா இருந்தத சேத்து உண்டாக்குனது. ஆனா வரி போடுறது வேற ஆபீஸ் இல்லையா, அங்க மரம் எரிச்சா எனர்ஜி வரி கிடையாது, கரண்ட்ல வெந்நி போட்டா வரி உண்டு. அப்போ கணக்கு பாக்குறவன் என்ன செய்வான், வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வர்ற மரத்தூள் உருண்டைய எரிப்பான், வாசல்ல காத்தாடி நிக்கும். யாரும் கெட்டவங்க இல்ல, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஃபைல்ல சரியாத்தான் எழுதிருக்காங்க. கடைசில 2021 ஜனவரி 1ல இருந்து வெந்நி போடுற கரண்ட்டுக்கு கம்பெனிகள் கட்டுற வரிய யூனிட்டுக்கு 0.4 ஓரேன்னு இறக்குனாங்க, அதாவது இங்கத்து காசு ஒரு குரோனர்ல 250ல ஒரு பங்கு. அதுக்கப்புறம் பாரு, எங்க ஊர்லயே துறைமுகத்து ஓரமா கடல் தண்ணில இருந்து சூட்ட உறிஞ்சுற பெரிய ஹீட் பம்ப் வந்துட்டு, நிலக்கரி பிளாண்ட் 2024ல மூடியாச்சு. இந்தக் கடல் யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கிறதால, கசிஞ்சா கெடுதல் வரக்கூடாதுன்னு பம்புக்குள்ள சூட்ட கடத்த கார்பன் டை ஆக்சைடையே ஓட விடுறாங்க. ஞாயித்துக்கிழமை நடக்கப் போனா அந்தப் பக்கம் போய் ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுத்தான் வருவேன்.

ஐரோப்பா அளவுல இது இன்னும் சிக்கல். லூப்லியானால இருக்கிற ஏஸர்ங்கற ரெகுலேட்டர்கள் ஏஜென்சியும் பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற ரெகுலேட்டர்கள் கூட்டமைப்பும் 2019லயே சேந்து, கேஸ் சட்டத்தயும் கரண்ட் சட்டத்தயும் தனித்தனியா எழுதிட்டு இருந்தா, நாளைக்கு கரண்ட்ட வச்சு தண்ணில இருந்து பிரிச்சு குழாய்ல அனுப்புற ஹைட்ரஜன் வரும்போது தடுமாறுவோம்னு சொல்லிட்டாங்க. கம்பி வச்சிருக்கிறவங்க சங்கமும் குழாய் வச்சிருக்கிறவங்க சங்கமும் முன்னாடி தனித்தனியா எதிர்காலத்த கணக்கு போட்டாங்க, 2018ல போட்ட பத்து வருஷ பிளான்ல இருந்து தான் ரெண்டு பேருக்கும் ஒரே சினாரியோ, அதாவது எதிர்காலம் எப்படி இருக்கும்ங்கற கணக்கு. நல்ல விஷயம் தான், ஆனா கட்டுனா வருமானம் வர்றவங்களே எவ்வளவு கட்டணும்னு கணக்கு போட்டா அது சரியா வருமா சொல்லு. அந்த சினாரியோவ எப்படி போடணும்னு 2023 ஜனவரில ஏஸர் வழிகாட்டு விதி குடுத்துச்சு, அது இன்னும் இறுகணும்ங்கறது என் கருத்து.

ஹைட்ரஜன் குழாய பாத்தா இது நல்லா புரியும். ஜெர்மனி ரெகுலேட்டர் 2024 அக்டோபர்ல 9,040 கிலோமீட்டர் நெட்வொர்க்குக்கு ஓகே சொல்லிட்டாங்க, அதுல சுமார் 60 சதவீதம் பழைய கேஸ் குழாய். அதே மாசம் எங்க பக்கத்துல இருந்து அங்க போற குழாய் 2028ல வராது, தள்ளிப் போகுதுன்னு அறிவிப்பு. குழாய் இல்லன்னா இங்க ஹைட்ரஜன் எடுக்கிற பிளாண்ட் போட எவனும் துணிய மாட்டான், பிளாண்ட் இல்லன்னா குழாய்க்கு காசு போட மாட்டாங்க. யாராவது ரெண்டயும் ஒண்ணா பாத்து முதல் அடி வைக்கணும்.

நம்ம ஊர்ல மத்தில கரண்ட்டுக்கு ஒரு கமிஷன், மாநிலத்துல ஒரு கமிஷன், கேஸ் குழாய்க்கு பி.என்.ஜி.ஆர்.பி தனி போர்டு. ஆனா இத கவனிச்சிருக்கியா, மூணு பேர் தீர்ப்பு மேலயும் அப்பீல்னு போனா டெல்லில ஒரே தீர்ப்பாயம் தான். சண்டை போட ஒரே இடம் இருக்கு, பிளான் போட ஒரே மேஜை கிடையாது. எனக்கு இது வருத்தமா இருக்குட்டி.

நமக்கு வெந்நி வேண்டாம், சரி. குளிர் வேணுமே. தூத்துக்குடில உங்க மாமா ஐஸ் கம்பெனி இன்னும் ஓடுதுல்ல? காத்து அடிக்கிற ராத்திரி ஃபுல்லா ஐஸ் போட்டு வச்சா அதுவும் இங்கத்து வெந்நி டேங்க் மாதிரி தான. அவருக்கு எந்த மாசத்துல ஐஸ் அதிகம் போகுது, ராத்திரி ரேட் எவ்வளவு, ரெண்டு நாள் முன்னாடியே போட்டு வைக்க இடம் இருக்கா, இந்த மூணயும் கேட்டு எழுது. பில் ஒண்ணு போட்டோ எடுத்து அனுப்புனா இன்னும் நல்லது, நான் கணக்கு போட்டு பாக்கேன்.

டிசம்பர்ல வாரேன். கருப்பட்டி வாங்கி வை, போன தடவ கொண்டு வந்தது எப்பவோ தீந்து போச்சு.

உன் ஹாஸ்டல் ரூம்மேட்