கர்ப்பிணிகளுக்கு பி.பி. பார்க்கும் கருவியும், கையில் சுற்றும் பட்டையான கஃபும் கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
கிராம சுகாதார செவிலியர்கள்,
ரயில்வே கேட்டுக்கு மேற்கே உள்ள ஆறு துணை சுகாதார நிலையங்கள்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: பழுதான பி.பி. கருவிகளை மாற்றித் தரக் கோருவது தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் ஏற்கெனவே கொடுத்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

எங்கள் ஆறு நிலையங்களையும் தாங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். கேட் மூடினால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் தங்களுக்குத் தெரியும். எனவே விஷயத்துக்கு மட்டும் வருகிறோம்.

1. ஆறு நிலையங்களுக்கும் சேர்த்து ஓடுகிற கருவி இரண்டுதான். செவ்வாய்க்கிழமை தாய்மார் பரிசோதனைக்கு முறை வைத்துக் கைமாற்றிக்கொள்கிறோம்.

2. சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்டிரிப் தீர்ந்தால், சிறுநீர் எடுத்த டெஸ்ட் டியூபின் மேல்பகுதியைச் சூடாக்கி, இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு, கலங்கல் நிற்கிறதா என்று பார்த்துவிடுவோம். அதில் குறையில்லை.

3. குறை கஃபில்தான். வெல்க்ரோ தேய்ந்து, காற்று ஏறியதும் பிரிகிறது. கட்டுத்துணி சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். இருப்பதும் ஒரே அளவு. உள்ளே உள்ள ரப்பர் பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். 33 செ.மீ.க்கு மேல் உள்ள கைக்கு இந்தக் கஃப் போட்டால், இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். காற்றடிக்கும் பல்பின் வால்வும் கசிகிறது. நொடிக்கு 2 புள்ளி இறங்க வேண்டிய முள் 6, 7 என்று சரிகிறது. முதல் சத்தம் காதில் பிடிபடுவதற்குள் முள் தாண்டிவிடுவதால் மேல் அளவு குறைந்தும், கீழ் அளவு கூடியும் பதிவாகும். 144 உள்ள தாய்க்கு அட்டையில் 136 ஏறும். எங்களுக்குக் கோடு 140/90; அதைத் தொட்டால் உயர் ரத்த அழுத்தம். அந்தக் கோட்டிலேயே கருவி தடுமாறினால் யாரை அனுப்புவது, யாரை வீட்டுக்குப் போகச் சொல்வது?

இன்னொரு கருவியில் காற்றே ஏற்றாதபோதும் முள் 8-இல் நிற்கிறது. “8 கழித்து எழுதுங்கள்” என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. சைபரில் நிற்காத முள் 150-இல் எவ்வளவு தப்பும் என்று யார் கண்டது? கழித்தல் கணக்கா அம்மா இது?

4. ஒரு தடவை 140/90 வந்தால் போதாது. நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் கருவி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. தாய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். 160/110 என்றால் 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் மாத்திரை உள்ளே போயாக வேண்டும். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி மருந்து 10 ஆம்ப்யூல், பிட்டத்தில் பக்கத்துக்கு ஐந்தாகப் போட, பெட்டியில் தயாராக இருக்கிறது. அது யாருக்கு என்று சொல்ல வேண்டிய கருவிதான் இல்லை.

5. ரத்த அழுத்தம் குறைக்கும் லேபடலால் மாத்திரை 100 மி.கி. இரண்டு வேளை சாப்பிடும் தாய்க்கு, நாங்கள் எழுதும் எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுகிறார், குறைக்கிறார். தப்பான எண்ணை நம்பிக் கூட்டினால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். குறைத்துக் காட்டினாலோ வலிப்பு வரை போகும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று அவர்களே வந்து சொல்லும்வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?

6. டிஜிட்டல் கருவி தருவதானால் கர்ப்பிணிகளுக்கென்று சரிபார்த்த மாடலாகத் தர வேண்டும். மற்றவற்றில் சில, பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) உள்ள தாய்க்குக் குறைத்துக் காட்டும்.

ஆகவே நிலையத்துக்கு ஒரு கருவி, ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் கஃப் ஒன்று, பெரிய கஃப் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முள் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். புதுக் கருவிக்கு நாளாகும் என்றால் கஃபும் பல்பும் வால்வுமாவது இந்த வாரமே கொடுங்கள். கஃபுக்காகத்தான் அம்மா மூன்று மனு எழுதியிருக்கிறோம். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் கொடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கிராம சுகாதார செவிலியர்கள்.