வலது தடத்தைக் கொஞ்சம் விடச் சொல்லுங்கள்

நெடுஞ்சாலை, போக்குவரத்து, காவல் ஆகிய மூன்று துறைகளிலும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் நான்கு வழிச் சாலையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அதில்தான் போய் வருகிறீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம். இடது தடம் போவதற்கு, வலது தடம் முந்துவதற்கு. ஆனால் லோடு ஏற்றிய டிப்பரும் டாரஸும் டிரெய்லரும் மீடியனை ஒட்டியே 40, 45-ல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. வேகமாகப் போக வேண்டியவர்கள் இடப்பக்கமாக வளைந்து நெளிந்து முந்துகிறார்கள். இதுவும் உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு கோரிக்கைதான் எனக்கு. வலது தடத்தை முந்துவதற்கு மட்டும் என்று ஆக்குங்கள், அதை நடைமுறையில் காட்டுங்கள்.

பல வருடமாக நானும் காருக்குள் உட்கார்ந்து புலம்பிவிட்டுப் போனவள்தான். தை மாதக் கடைசியில் ஒரு காலையில் அப்படிப் போக முடியவில்லை.

அம்மா வழக்கம்போல் விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துவிட்டு வந்தார். காபி கொடுத்தேன். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரால் எடுக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பெரம்பலூரில் பார்த்த டாக்டர் மணியைக் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று இரண்டு முறை கேட்டார். பக்கவாதம்போல் இருக்கிறது, மூளை ரத்தக்குழாயில் அடைப்பாக இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும், சீக்கிரம் போகப் போக நல்லது, உடனே திருச்சிக்குக் கிளம்புங்கள் என்றார். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் கிளம்பும்போது மணி ஏழு.

சிறுவாச்சூர் தாண்டியதும் மாட்டிக்கொண்டோம். வலது தடத்தில் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர். இடது தடத்தில் இன்னொரு லாரி. ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள் என்று சொல்லலாம், ஆனால் இரண்டு வண்டிக்கும் வேகத்தில் வித்தியாசமே இல்லை. சைரன் அலறிக்கொண்டிருந்தது. டிரைவர் தோளுக்கு மேலாக நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டிப்பரின் பின்கதவில் தொங்கிய பழைய செருப்பு, தார்ப்பாயின் அவிழ்ந்த கயிறு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது, கதவு இடுக்கிலிருந்து ஒழுகிய ஈர மணல். அதற்கு முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது.

ஒருவழியாக இடப்பக்க லாரி பின்தங்கியது. அப்போதாவது டிப்பர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. எங்கள் டிரைவர் வேறு வழியில்லாமல் இடது தடத்துக்கு இறங்கினார். நூறு அடி போயிருப்போம். ரோட்டோரம் மக்காச்சோளம் காயப்போட்டு, யாரும் ஏற்றிவிடக் கூடாது என்று வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். அதை ஒதுங்கி, பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. "அக்கா, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று கத்திக்கொண்டே டிரைவர் பிரேக் அடித்தார். ஆக்சிஜன் சிலிண்டர் கம்பியில் போய் மோதியது. நான் ஸ்ட்ரெச்சர்மேல் விழுந்து அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லை. மறுபடி டிப்பருக்குப் பின்னால் போய் நின்றோம். பாடாலூரை நெருங்கியபோதுதான் வழி கிடைத்தது. கையில் இருந்த போனில் நிமிடத்தை எண்ணிக்கொண்டே வந்தேன். 12 நிமிடம்.

அம்மா பிழைத்துவிட்டார். பேச்சு வந்துவிட்டது. வலது கையில் விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அந்த 12 நிமிடத்தால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் சாதம் பிசைய முடியாமல் அவர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத் தடுமாறும் ஒவ்வொரு வேளையும் அந்த மணல் லாரியின் பின்கதவு என் முன்னால் வந்து நிற்கிறது.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே, வண்டியை முடிந்தவரை சாலையின் இடப்பக்கத்தை ஒட்டி ஓட்ட வேண்டும் என்றன. முந்த வருபவரைத் தடுக்கக் கூடாது என்றும் அதிலேயே இருந்தது. 2017-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்தன. அதிலும் இடப்பக்கம்தான் அடிப்படை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த ஒழுங்குமுறைகளை மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் என்று 177ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 194இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மிக மெதுவாகப் போவதைத் தடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 112-ஆம் பிரிவு அதிகபட்ச வேகத்தைத் தாண்டாதே என்று மட்டும் சொல்லவில்லை. குறைந்தபட்ச வேகம் நிர்ணயிக்கப்பட்ட இடத்தில் அதற்குக் கீழேயும் போகாதே என்கிறது. ஆக, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. நீங்கள் எழுதி வைத்திருப்பதைத்தான் கேட்கிறேன்.

அந்த டிப்பரைத் தாண்டும்போது டிரைவரைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. திட்ட வாயெடுத்தேன். அவர் கையை நீட்டி இடது தடத்தைக் காட்டினார். அங்கே எப்படிப் போவது என்று கேட்பதுபோல் இருந்தது. எங்கள் சித்தப்பா மகன் லாரி ஓட்டுகிறான். அவனிடம் பிறகு கேட்டேன். "லெஃப்ட்ல போனா கிலோமீட்டருக்குப் பத்து தடவை பிரேக் அடிக்கணும்க்கா. லோடோட நின்னா மறுபடி வண்டிய எடுக்க எவ்வளவு டீசல் தெரியுமா? பைக்கு எதிர்ல வரும், டீக்கடை முன்னாடி நாலு வண்டி லைட்டு இல்லாம நிக்கும், ஆட்டுக்கூட்டம் வரும். ரைட்ல மீடியன். அந்தப் பக்கத்துல இருந்து எதுவும் வராது" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் இந்த மடலை லாரி டிரைவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இடது தடத்தை ஓட்ட முடியாத தடமாக விட்டுவிட்டு வலது தடத்தை விடச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? பால் கேனோடு எதிரே வந்தவரும் விளையாட்டுக்கு வரவில்லை. சர்வீஸ் ரோடு இல்லாத ஊரில், எதிர்ப்பக்கம் இருக்கிற சொசைட்டிக்குப் போக, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். தினமும் இரண்டு வேளை யார் போவார்கள்? களம் இல்லாத ஊரில் சோளத்தை ரோட்டில்தான் காயப்போடுவார்கள். இதெல்லாம் ரோடு போடும்போதே யோசித்திருக்க வேண்டியவை. சாலை வடிவமைப்பில் தரம் தவறினால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வலது தடத்தை விடச் சொல்லுங்கள் என்றேன். அதை யார், எப்போது அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம்? லைசென்ஸ் வாங்கப் போனால் பைக்கில் எட்டுப் போடச் சொல்கிறோம், காரில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறோம். எந்தத் தடத்தில் போக வேண்டும், முந்தி முடித்ததும் எப்போது திரும்ப இடப்பக்கம் வர வேண்டும் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம், வேகம் கூடினால் கேமரா படம் பிடித்து போனுக்கே ரசீது அனுப்புகிறது. நல்லது, வேண்டியதுதான். அதே கேமராவுக்குக் கீழே வலது தடத்தை அடைத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஊர்ந்து போகும் வண்டி மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை? நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனில், 2013 முதலே நடுத்தடத்தை அடைத்துக்கொண்டு போனால் போலீஸ் அந்த இடத்திலேயே 100 பவுண்டு அபராதம் போட முடியும். லைசென்ஸில் மூன்று புள்ளிகளும் ஏறும். டோல்கேட்டில் ஒவ்வொரு முறையும் காசு கட்டுகிறோம். ஃபாஸ்டாக் இல்லையென்றால் கூடுதலாக வாங்குகிறீர்கள். அவ்வளவு கறாராக வாங்கத் தெரிந்த இடத்தில், "மெதுவாகச் செல்வோர் இடது தடம்" என்று தமிழில் பெரிதாக ஒரு பலகை வைப்பது முடியாத காரியமா?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் மன்னியுங்கள். உங்களில் பலர் ராத்திரி பகல் பாராமல் அந்த ரோட்டில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். பணிவாகவே கேட்கிறேன். முதலில் இடது தடத்தில் நிற்கும் வண்டிகளையும் கற்களையும் அகற்றுங்கள். சோளம் காயப்போட ஊராட்சியோடு பேசிக் களம் ஏற்பாடு செய்யுங்கள். அப்புறம், ஒரு மாதம் போதும், ரோந்து வண்டிகள் வலது தடத்தில் ஊர்பவர்களை நிறுத்தி, அபராதம்கூட வேண்டாம், வாயால் சொல்லி இடப்பக்கம் அனுப்பட்டும். டோல்கேட்டில் லாரிக்காரர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். அதற்குப் பிறகும் கேட்காதவர்களுக்கு அந்த 500 ரூபாயைப் போடுங்கள். வலது தடம் முந்துவதற்கு மட்டும் என்பது இந்த 60 கிலோமீட்டரிலாவது நடக்கட்டும்.

மாதம் ஒருமுறை அம்மாவைப் பரிசோதனைக்கு இதே ரோட்டில்தான் திருச்சிக்கு அழைத்துப் போகிறேன். சிறுவாச்சூர் தாண்டியதும் அவர் முன் சீட்டின் கைப்பிடியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொள்கிறார். பாடாலூர் வந்த பிறகுதான் விடுகிறார். அடுத்த முறை போகும்போது, சிறுவாச்சூருக்கும் பாடாலூருக்கும் நடுவில் அந்தப் பலகை ஒன்றாவது இருக்குமா?

நன்றியுடன்,
பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு மகள்