பிளஸ் டூ ரிசல்ட்: பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். ரிசல்ட் வந்ததும் பிள்ளைகளின் மார்க்கை இந்தக் குழுவில் யாரும் போட வேண்டாம். போன வருஷம் "உங்க பையன் எவ்வளவு?" என்று வரிசையாக வந்த மெசேஜ்களைப் பார்த்துவிட்டு என் மகன் ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டான். 600க்கு 520 வாங்கியவன்!

எந்தக் கோர்ஸ், மறுமதிப்பீடு கேட்பதா என்பதையெல்லாம் அவர்களே யோசித்துச் சொல்லட்டும். கட்டணம், கடைசித் தேதியை மட்டும் நாம் பார்த்துக் கொடுப்போம். (மறுமதிப்பீட்டுக்கு முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.) தேறாதவர்களுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது, வருஷம் வீணாகாது.

முதல் இரண்டு நாள் அறிவுரை வேண்டாம், சோறு போடுங்கள். பேச்சே இல்லாமல் அறையில் முடங்கினால் 14416 (மனநல உதவி எண்) அல்லது 104 (மருத்துவ உதவி எண்). எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

– அட்மின்